கொல்லிமலை வீடுகளில் விதையிலிருந்து கமலா ஆரஞ்சு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து விளங்கும் மேட்டு நிலமாகும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், சிற்றூர்களின் தொகுதிகள் ‘நாடு’ என்னும் பழம்பெயருடன் இன்றும் ஊராட்சிகளாக நிலவுவதைக் காணலாம். அவற்றுள் ஒன்று ஆலத்தூர் நாடு. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இம்மலையில் மரவள்ளி, நெல், சாமை, மிளகு, காப்பி, வாழை, பலா, அன்னாசி முதலியன விளைகின்றன. இவற்றோடு வீட்டுக் கொல்லையிலும் காப்பிச் செடிகளின் இடையிலும் கமலா ஆரஞ்சு மரங்களும் எலுமிச்சை மரங்களும் நிற்பது இம்மலையின் பழைய வழக்கம். சோளக்காட்டுச் சந்தையில் பழக்கூடை இறக்கும் குடும்பங்களுக்கு, கொல்லையில் நிற்கும் நான்கு மரங்கள் கைச்செலவுக்கு உதவும் சேமிப்பாகும்.

அம்மரங்கள் முதுமையாலும் நோயாலும் ஒவ்வொன்றாகப் பட்டுப்போனால், அவற்றின் இடத்தை எதனைக் கொண்டு நிரப்புவது? அயலூரிலிருந்து விலைக்கு வரும் ஒட்டுக்கன்றை நடுவதா? நம் கொல்லையிலேயே பழுத்த பழத்தின் விதையை ஊன்றுவதா? விதையிலிருந்து வளரும் மரம் நல்ல பழம் தருமா? இவ்வினாக்களுக்கு விடை கூறி, விதையிட்டு மரமாக்கும் முறையையும் விளக்குவதே நம் நோக்கம். சுருங்கச் சொன்னால், நல்ல தாய்மரத்தின் விதை நம்பத்தக்கது. ஆனால் தாயைத் தேர்வதிலும், நாற்றைக் களைவதிலும், வளரும் கன்றைக் காப்பதிலும் குடியானவரின் கண்ணும் கையும் இடைவிடாது உழைக்க வேண்டும்.

ஒரு விதையில் பல கருக்கள்

மாங்கொட்டையை ஊன்றினால் தாய்மரத்தின் சுவை கிட்டும் என்று உறுதி கூற இயலாது என்பதை நம் மக்கள் நன்கறிவர். நம் நாட்டு மாவகைகள் பெரும்பாலானவற்றின் கொட்டையில் கரு ஒன்றே உண்டு. அது வேறு மரத்து மகரந்தத்தின் கலப்பால் தோன்றியது. ஆதலால்தான் மாவுக்கு ஒட்டுக்கன்றை நாடுகிறோம்.

கமலா ஆரஞ்சின் இயல்பு வேறு. அதன் விதையொன்றை ஊன்றினால் சில வேளைகளில் இரண்டு அல்லது மூன்று முளைகள் வெளிவரும். ஆரஞ்சு விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருப்பதை 1719ஆம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் கண்டு எழுதினார். இதன் காரணத்தை 1878இல் தாவரவியல் அறிஞர் ஸ்திராஸ்பர்கர் விளக்கினார். விதைக்குள் மகரந்தச் சேர்க்கையால் உண்டாகும் கரு ஒன்று. அதனைச் சூழ்ந்துள்ள தாயின் திசுவிலிருந்தே, தந்தை மரத்தின் பங்கு சிறிதுமின்றித் தோன்றும் கருக்கள் பிற. பின்னர்க் கூறியவற்றைத் தாய்வழிக் கருக்கள் எனலாம். இவற்றிலிருந்து வளரும் செடி, தாய்மரத்தின் கிளையை ஒடித்து வேர்விடச் செய்ததற்கு ஒப்பாகும். பெரும்பாலும் தாய்வழிக் கருக்களே வலிமையுடன் வளர்ந்து, கலப்புக் கருவை நெருக்கி ஒடுக்கிவிடுகின்றன.

நம் மலைகளில் வழங்கும் கமலா ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி ஆகிய மூன்றும் இவ்வாறு பல கரு கொண்டவை. பம்பளிமாசு அத்தகையதன்று. அதன் விதையில் கலப்புக் கரு ஒன்றே இருப்பதால், விதைக்கன்று தாயை ஒத்திருக்கும் என்று எதிர்பார்த்தல் கூடாது. பம்பளிமாசு வளர்க்க விரும்புவோர் பதியமோ மொட்டுக் கட்டிய கன்றோ பெறுதலே தக்கது.

விதை வழியே வாராத நோய்கள்

தாயைப் போன்ற பழம் தருவது விதையின் ஒரு நன்மை. அதனினும் பெரிய நன்மை நோயற்ற தொடக்கம். இதனை உணர, மலை ஆரஞ்சுக்கு நேர்ந்த கேட்டைச் சிறிது அறிதல் வேண்டும்.

கீழ்ப்பழனி மலைகளில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புகழுடன் விளங்கிய ஆரஞ்சுத் தோட்டங்கள் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிதும் அழிந்தன. குடகு மலையிலும் இத்தகைய நலிவு தோன்றியது. மரம் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும், இலை வெளுத்து உதிரும், காய் சிறுக்கும், சில ஆண்டுகளில் மரம் விறகாகும். இதற்குக் காரணம் ஒன்றன்று. வேரழுகல், நூற்புழு, துத்தநாகம் முதலிய சத்துக்களின் குறை, பராமரிப்பின்மை ஆகியவற்றுடன் இரு கொடிய நோய்களும் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று ‘டிரிஸ்டெசா’ என்னும் நச்சுயிரி நோய். மற்றொன்று ‘கிரீனிங்’ என்னும் பச்சைக்காய் நோய்.

‘டிரிஸ்டெசா’ என்னும் சொல்லுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ‘துயரம்’ என்பது பொருள். பிரேசில் நாட்டில் 1937 முதல் இந்நோய் பரவிப் பல லட்சம் மரங்களை மாய்த்தது. இதனை அசுவினி பரப்புகிறது என்பது 1946இல் அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. அந்நாட்டுத் தோட்டங்கள் மீண்டெழ இரண்டு வழிகள் கைகொடுத்தன. நோயைத் தாங்கவல்ல ரங்பூர் எலுமிச்சையை வேர்ச்செடியாகக் கொண்டது ஒன்று. பழைய மரங்களின் மொட்டுகளைக் கைவிட்டு, விதையிலிருந்து புதிய தாய்மரங்களை வளர்த்து, அவற்றிலிருந்து மொட்டு எடுத்தது மற்றொன்று.

பச்சைக்காய் நோய் ஒரு நுண்ணுயிரால் வருவது. ‘சில்லிட்’ எனப்படும் சிறு தத்துப்பூச்சி இதனை மரத்துக்கு மரம் கொண்டு செல்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இந்நோய் 2005இல் கண்டறியப்பட்டது. 2003-04இல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அம்மாநிலத்தில் 2023-24இல் விளைச்சல் 2 கோடிப் பெட்டிக்கும் கீழே வீழ்ந்தது. புயல்களும் பிற காரணங்களும் உடனிருந்தன எனினும், இந்நோயே முதற்காரணம். பெருஞ்செல்வமும் ஆராய்ச்சியும் உடைய நாட்டிலேயே நிலைமை இவ்வாறாயின், கொல்லையில் நான்கு மரம் வைத்திருப்பவர் எவ்வளவு விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

இவ்விரு நோய்களும் மொட்டு வழியாகவும் ஒட்டு வழியாகவும் கன்றுக்குப் பரவும். விதை வழியே பரவுவதில்லை. நோயுற்ற மரத்தின் மொட்டைக் கட்டிய கன்று, பார்வைக்குச் செழிப்பாக இருப்பினும் நோயைத் தன்னுள் சுமந்தே நம் வீட்டிற்கு வருகிறது. விதைக்கன்றோ இவ்விரு நோய்களுமின்றித் தன் வாழ்வைத் தொடங்குகிறது. ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. நோயின்றிப் பிறத்தல் வேறு. நோயை எதிர்க்கும் ஆற்றல் வேறு. பூச்சி வந்து கடித்தால் விதைக்கன்றுக்கும் நோய் வரும். தொடக்கத்தின் தூய்மையை முடிவு வரை காப்பது வளர்ப்பவர் கடன்.

விதைக்கன்றின் குறைகள்

நன்மைகளை மட்டும் கூறிக் குறைகளை மறைத்தல் நெறியன்று. மொட்டுக் கட்டிய கமலாக் கன்று நட்ட 3 முதல் 5 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். விதைக்கன்று 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். விதைக்கன்றில் முட்கள் மிகுதி. மரம் நெடிதுயர்ந்து வளர்வதால் பழம் பறிப்பது சற்றுக் கடினம். வேரழுகல் உள்ள ஈர நிலத்தில் கமலாவின் சொந்த வேர் எளிதில் தாக்கப்படும்.

ஆகவே, ஏக்கர்க் கணக்கில் தோட்டம் போட விரும்புவோர், ரங்பூர் எலுமிச்சை போன்ற வேர்ச்செடியில் நோயற்ற தாய்மரத்து மொட்டைக் கட்டி, சான்றுடன் விற்கப்படும் கன்றுகளை நாடுவதே ஏற்றது. நாகபுரியில் உள்ள மத்திய எலுமிச்சையின ஆராய்ச்சி நிலையம் நோயற்ற கன்று உற்பத்தி முறைகளை வகுத்துள்ளது. நம் மாநிலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு, தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் மலைப்பயிர்கள் பற்றி அறிவுரை கூறவல்லவை. ஆனால் கொல்லையில் ஐந்தாறு மரம் வைப்பவருக்கும், பட்டுப்போன மரத்தின் இடத்தை நிரப்புபவருக்கும், சான்றுள்ள கன்று கைக்கெட்டாத மலைக்குடிக்கும் விதையே எளிய வழி. எங்கிருந்து வந்தது என்று தெரியாத கன்றை விலை கொடுத்து வாங்குவதைவிட, தெரிந்த மரத்தின் விதையை ஊன்றுதல் மேல்.

தாய்மரத்தைத் தேர்தல்

கன்று தாயைப் போலவே அமையும் என்றால், தாயின் குறையும் அதற்கு வரும் என்பது தெளிவு. ஆதலின் இப்பணியில் முதன்மையானது தாய்மரத் தேர்வேயாகும். 15 ஆண்டுகளுக்கு மேல் நின்று, ஆண்டுதோறும் தவறாது காய்த்து, சாறும் சுவையும் நிறைந்த பழம் தரும் மரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஓராண்டின் பெருங்காய்ப்பைக் கண்டு மயங்கலாகாது. மரத்தின் மூன்று நான்கு ஆண்டு வரலாற்றை, அதனை வளர்த்த பெரியவர்களிடம் கேட்டறிதல் நலம். அண்டை மரங்கள் நலிந்தும் அது மட்டும் செழித்து நிற்குமாயின் அதனை முதலிடத்தில் வைக்கலாம்.

நோய்க்குறி உள்ளதா எனக் கூர்ந்து நோக்குக. துத்தநாகக் குறையால் வரும் மஞ்சள், நடுநரம்பின் இருபுறமும் ஒரே சீராக, நரம்புகளின் இடையில் தோன்றும். பச்சைக்காய் நோயின் மஞ்சளோ ஒழுங்கற்ற திட்டுக்களாக, நடுநரம்பின் ஒருபுறம் ஒருவாறும் மறுபுறம் வேறுவாறுமாக இருக்கும். பழம் கோணலாக வளர்ந்து, ஒரு பகுதி பழுத்தும் மற்றொரு பகுதி பச்சையாகவும் நிற்பதும், உள்ளே விதைகள் சூம்பியிருப்பதும் இந்நோயின் பிற குறிகள். இத்தகைய மரத்திலிருந்து விதை எடுக்க வேண்டா.

விதை எடுத்தலும் காத்தலும்

கமலா ஆரஞ்சின் முதன்மைப் பருவம் கார்த்திகை முதல் மாசி வரையிலாகும். நன்கு பழுத்த பழங்களை மரத்திலிருந்தே பறித்து விதை எடுக்க வேண்டும். தரையில் விழுந்து கிடந்த பழத்தை விலக்குக; வேரழுகலை உண்டாக்கும் பூசணம் மண்ணிலிருந்து அப்பழத்தில் ஏறியிருக்கக்கூடும்.

பழத்தைப் பிளக்கும்போது கத்தி விதையில் படாதவாறு தோலைச் சுற்றிக் கீறித் திருகிப் பிரித்தல் நன்று. விதைகளை நீரிலிட்டுக் கைகளால் தேய்த்து வழுவழுப்பு நீங்கக் கழுவுக. மிதக்கும் விதைகளையும் சூம்பிய விதைகளையும் தள்ளி, நீரில் அமிழ்ந்த பருத்த விதைகளை மட்டும் கொள்க. ஒரு விதையைப் பிளந்து பார்த்தால் கமலாவின் பருப்பு பச்சை நிறமாக இருக்கும். சாத்துக்குடியின் பருப்பு வெண்மையாக இருக்கும். வாங்கிய பழம் எவ்வினம் என்ற ஐயம் எழுந்தால் இக்குறி உதவும்.

இங்கே பலர் பிழை செய்கின்றனர். நெல்லையும் அவரையையும் போல் ஆரஞ்சு விதையையும் வெயிலில் உலர்த்திப் பானையில் இட்டு அடுத்த பருவத்திற்கு வைக்கின்றனர். தானிய விதை உலர்ந்தால் நெடுநாள் உயிருடன் இருக்கும். எலுமிச்சையின விதை உலர்ந்தால் முளைப்புத் திறனை விரைவில் இழந்துவிடும். எனவே விதையை நிழலில் பரப்பி, மேல் ஈரம் மட்டும் ஆறியவுடன், அன்றோ மறுநாளோ ஊன்றிவிட வேண்டும். சில நாள் தாழ்த்த நேரின், ஈரத்துணியில் பொதிந்து குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். பூசணத்தை ஒழிக்க, நாற்றுப்பண்ணையாளர் 52 பாகை செல்சியசு வெந்நீரில் 10 நிமிடம் விதையை அமிழ்த்துவதுண்டு. வெப்பமானி இல்லாதவர் இதனை முயலலாகாது. நீர் சற்று மிகையாகச் சுட்டாலும் விதை வெந்துவிடும்.

நாற்றங்கால்

நாற்றங்காலைப் பழைய ஆரஞ்சு மரத்தின் அடியில் அமைத்தல் கூடாது. அம்மண்ணில் வேரழுகல் பூசணமும் நூற்புழுவும் இருக்கக்கூடும். காலை வெயில் படுவதும், நீர் தேங்காததும், கோழிகள் கிளறாததுமான இடமே ஏற்றது. செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து, 1 மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் உடைய மேட்டுப்பாத்தி அமைக்கவும். மக்காத எருவை இட்டால் முளை கருகும். கலவையுடன் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தைத் தொழு உரத்தில் கலந்து இடுதல் நாற்றழுகலைக் குறைக்கும். பத்து இருபது கன்று போதும் என்போர், அடியில் துளையிட்ட மண்சட்டியையோ பழைய தகரத்தையோ பயன்படுத்தலாம்.

விதைகளை 1 முதல் 2 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒன்றுக்கொன்று 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஊன்றி, மெல்லிய மணலால் மூடி, வைக்கோல் பரப்பி, பூவாளியால் நீர் தெளிக்கவும். மண் ஈரமாக இருத்தல் வேண்டும். சேறாக இருத்தல் கூடாது. சமவெளியின் சூட்டில் விரைந்து முளைக்கும் விதை, மலையின் தைமாதக் குளிரில் 3 முதல் 6 வாரம் வரை தாழ்க்கலாம். முளைக்கவில்லை என்று கருதித் தோண்டிப் பார்ப்பது வேண்டாத வேலை. முளை தலைகாட்டியதும் வைக்கோலை நீக்கி, நண்பகல் வெயில் தாக்காதவாறு தென்னங்கீற்றோ தழையோ கொண்டு சிறு பந்தல் இடுக.

ஒத்தவற்றை வைத்து, ஒவ்வாதவற்றைக் களைதல்

நாற்று நான்கு முதல் ஆறு இலை விட்டதும், மண் நிரப்பிய நெகிழிப்பைக்கு மாற்றலாம். விதைமுறை வெற்றி பெறுவதும் தோல்வியுறுவதும் இந்நிலையில்தான். ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் வந்திருந்தால் அவற்றை வேர் அறாமல் பிரிக்கவும். பின்னர்ப் பாத்தி முழுவதையும் ஒருசேர நோக்குக. பெரும்பாலான நாற்றுகள் உயரத்திலும் இலையின் வடிவிலும் நிறத்திலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இவை தாய்வழி நாற்றுகள். மிகக் குட்டையானவை, இலை வேறுபட்டவை, வெளிறியவை, தண்டு வளைந்தவை, ஏனையவற்றைவிட அளவு கடந்து ஓங்கியவை ஆகியன கலப்புக் கருவிலிருந்து வந்தவையாக இருக்கக்கூடும். இவற்றை இரக்கமின்றிக் களைந்தெறிக.

முளைத்த செடியைப் பிடுங்க நம் மக்களுக்கு மனம் வருவதில்லை. அவ்வியல்பு போற்றத்தக்கதே. ஆயினும் ஏழாண்டு நீர் ஊற்றி வளர்த்த பிறகு புளித்த பழம் தரும் மரத்தை வெட்டுவதைவிட, ஏழாம் வாரத்தில் ஒவ்வாத நாற்றை நீக்குதல் எளிது. பத்து மரம் வேண்டுவோர் முப்பது விதையேனும் ஊன்றினால், தேர்ந்தெடுக்க இடமிருக்கும். நடவுக்கு முன் பைகளில் நிற்கும் கன்றுகளையும் ஒருமுறை இவ்வாறு சோதித்தல் வேண்டும். தாய்மரத்தில் பெயரெழுதிய சிறு தகட்டைக் கட்டி, அதே பெயரைப் பையிலும் எழுதி வைத்தால் எம்மரத்தின் வழி எக்கன்று என்பது மறவாது.

நடவு

தைமாதத்தில் ஊன்றிய விதை, மறு ஆண்டு மே அல்லது ஜூன் மாத மழையில் நடவுக்கு ஆயத்தமாகும். அப்பருவம் தவறினால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடலாம். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 75 சென்டிமீட்டர் கொண்ட குழியை ஒரு மாதம் முன்னரே எடுத்து ஆறவிடுக. மேல்மண்ணுடன் 10 கிலோ தொழு உரமும் 1 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து குழியை நிரப்புக. மரத்துக்கு மரம் 6 மீட்டர் இடைவெளி தேவை. அக்கணக்கில் மரமொன்றுக்கு 36 சதுர மீட்டர் நிலம் வேண்டும். ஒரு சென்ட் நிலம் 40 சதுர மீட்டருக்குச் சற்று மிகுதியாதலால், சென்டுக்கு ஒரு மரம் என்று நினைவிற் கொள்ளலாம். ஐந்து சென்ட் கொல்லையில் எட்டுப் பத்து மரங்களை நெருக்கி நடுவது பேராசையின் பயனாகக் காய்ப்பை இழப்பதே.

கன்றின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேருமிடம், தரைமட்டத்திற்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அப்பகுதி மண்ணில் புதைந்தாலும் நீரில் ஊறினாலும் அழுகல் தொடங்கும். சரிவு நிலத்தில் கன்றின் கீழ்ப்புறமாகப் பிறை வடிவில் கல்லோ மண்ணோ கொண்டு வரப்பு அமைத்தால் மேல்மண் அரித்துச் செல்லாது. மரவள்ளியைக் கன்றின் தூரை ஒட்டி நடுதல் கூடாது. கிழங்கு பிடுங்கும்போது மண் நெகிழ்ந்து மழையில் கரைவதுடன் ஆரஞ்சின் மேல்வேர்களும் அறுபடும். இளங்கன்றுக்குத் துணையாக அவரை, தட்டைப்பயறு போன்ற பயறு வகைகளே சிறந்தவை.

காத்தல்

முதல் மூன்றாண்டுகளில் கன்றைப் பாதுகாப்பதே மரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும். தண்டின் அடியிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் வரை தோன்றும் போத்துகளைக் கிள்ளி நீக்குக. அதற்கு மேல் கிளைகளை அளவின்றி வெட்டினால் காய்ப்பு மேலும் தாழ்க்கும். முள் உள்ளதே என்று அஞ்ச வேண்டா. மரம் முதிர முதிர மேற்கிளைகளில் முள் குறையும்.

கொழுந்து விடும் காலங்களில் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கன்றையும் நெருங்கிப் பார்த்தல் வேண்டும். பறவை எச்சம்போல் தோன்றிப் பின்னர்ப் பச்சை நிறமாகும் புழு, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குட்டியாகும். அதனைக் கையால் பொறுக்கி அழித்தலே போதும். இலையில் வெள்ளிக்கோடு போல் நெளிந்து செல்வது இலைத்துளைப்பானின் வேலை. கொழுந்தில் தலையைத் தாழ்த்தி உடலைச் சாய்வாக உயர்த்தி அமர்ந்திருக்கும் சிறு பூச்சியே சில்லிட். அதன் குஞ்சுகள் வெண்ணிற மெழுகு இழைகளை வெளியிடும். இதனைக் கண்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தும், தாக்கிய கொழுந்தைக் கிள்ளி அழித்தும் தொடக்கத்திலேயே ஒடுக்க வேண்டும். பரவல் மிகுந்தால் தோட்டக்கலை அலுவலரின் அறிவுரைப்படி மருந்து தெளிக்கவும்.

சில்லிட் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் பெருகும் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். கறிவேப்பிலை இல்லாத வீடு நம் நாட்டில் அரிது. அதனை வெட்டுக என்று நாம் கூறவில்லை. ஆரஞ்சு நாற்றங்காலை அதன் அருகே வைக்க வேண்டா என்றும், அதன் கொழுந்தை அடிக்கடி பறித்துச் சமையலுக்குக் கொள்க என்றும் கூறுகிறோம். பூச்சி முட்டையிடுவது கொழுந்திலேயாதலால், பறிக்கப்படும் செடியில் அது பெருக இடமில்லை.

மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் தண்டின் அடிப்பகுதிக்கு ஒரு விழுக்காடு போர்டோக் கலவை தெளித்தல் அழுகலையும் சொறி நோயையும் தடுக்கும். மயில்துத்தம் 10 கிராமை அரை லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 10 கிராமை மற்றோர் அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குக. மண் அல்லது நெகிழிப் பாத்திரமே ஏற்றது. தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் தோய்த்து எடுத்தால், செம்பு படிந்து செந்நிறமாகக் கூடாது. செந்நிறம் படிந்தால் மேலும் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். கலவையை அன்றே பயன்படுத்துக.

பச்சைக்காய் நோய் உறுதியான மரத்தை வைத்துக் காப்பாற்ற முயல்வது, அண்டை வீட்டு மரங்களுக்கும் இழைக்கும் தீங்காகும். அதனை வேரோடு அகற்றுதலே ஊருக்குச் செய்யும் நன்மை. ஒரு கொல்லையின் பூச்சி வேலியைக் கண்டு நிற்பதில்லை. ஆகவே இது ஒரு குடும்பத்தின் பணியாக மட்டும் இருந்தால் முழுப்பயன் தாராது.

ஊர் கூடிச் செய்யும் பணி

ஆலத்தூர் நாட்டைப் போன்ற ஊராட்சிகளில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஒவ்வொரு சிற்றூரிலும் நல்ல தாய்மரங்கள் எவை என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, பட்டியல் எழுதி, கிராமசபையில் படித்துப் பதிவு செய்யலாம். முதியோர் நினைவில் மட்டும் நிற்கும் செய்தி அவர்களோடு மறைந்துவிடும். எழுதி வைத்தால் பேரன் காலத்திலும் பயன்படும். அம்மரங்களின் விதையைக் கொண்டு மகளிர் சுயஉதவிக் குழுவோ பள்ளி மாணவரோ பொது நாற்றங்கால் ஒன்று அமைக்கலாம். கன்றுகளைத் தோட்டக்கலைத் துறை அலுவலரிடமும், நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமும் காட்டி, ஐயம் தீர்த்துக்கொண்டு வீடுதோறும் வழங்கலாம். நோயுற்ற மரத்தை அகற்றும் குடும்பத்திற்கு அப்பொது நாற்றங்காலிலிருந்து முதற்கன்று தரப்படுமாயின், அகற்றவும் மனம் வரும்.

ஏழாண்டு காத்திருப்பு நீண்டது என்று சிலர் கருதலாம். மலையில் மிளகுக் கொடிக்கும் பலாவுக்கும் காத்திருந்து பழகிய மக்களுக்கு அது புதிதன்று. இவ்வாண்டு பழம் உண்ணும்போது விதையைத் துப்பிவிடாமல், அது நல்ல மரத்தின் பழமா என்று ஒருகணம் எண்ணுக. நல்ல மரமாயின் அன்றே கழுவி ஊன்றுக. பள்ளியில் இன்று முதல் வகுப்பில் சேரும் குழந்தை எட்டாம் வகுப்பை முடிப்பதற்குள் அம்மரம் காய்க்கத் தொடங்கிவிடும். அதன் பழத்தை விற்ற காசு, அக்குழந்தையின் மேற்படிப்புக்கு வாங்கும் புத்தகத்திற்கேனும் உதவுமன்றோ!